சன்னபட்டணமா, தங்கவயலா, லெபாக்ஷியா? பெங்களூரிலிருந்து ஒரு சனிக்கிழமைக்கு எந்த ரோடு

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பா, ஒரு கார், ஒரு சனிக்கிழமை. பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி வரும் கணக்கு இது. மைசூர் அரண்மனையும் நந்தி மலையும் பார்த்தாயிற்று. ரிசார்ட் வேண்டாம், வாட்டர் பார்க் வேண்டாம். ரோட்டோரமாகக் கொஞ்சம் விசித்திரமாக, "இப்படியும் ஒன்றா!" என்று வாய்பிளக்க வைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் மூன்று பதில்கள் வரும். தங்கவயல் (கே.ஜி.எஃப்.) பக்கத்துக் கம்மசந்திராவில் 108 அடி லிங்கம். ஆந்திர எல்லை தாண்டி லெபாக்ஷியில் தொங்கும் தூண். சன்னபட்டணத்தில் மரப்பொம்மை. மூன்றும் மூன்று திசை. ஒரே நாளில் இரண்டைச் சேர்க்க முடியாது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிதாக நிற்கிற ஒன்றைவிட, கண்ணெதிரே ஏதாவது நடந்துகொண்டிருக்கும் இடமே பிள்ளைகளோடு போக ஏற்றது. பெரிய சிலையை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம், போட்டோவுக்குப் பத்து நிமிடம். அப்புறம் "அடுத்து என்னப்பா?" வந்துவிடும். ஆனால் இந்தச் சாய்வு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கோயில் இல்லாத பயணத்தைப் பயணமென்றே ஒப்புக்கொள்ளாத பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் வாக்கும் வாக்குதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

"எது நல்ல இடம்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, மூன்றும் நல்ல இடங்கள். இந்த மாதிரி இடங்களில் பார்க்க வேண்டியதைப் பார்க்க அரைமணியோ ஒரு மணியோ போதும். மீதி நாள் முழுக்க வண்டி, வெயில், சாப்பாடு, கழிப்பறை. நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் அந்த மீதியில்தான்.

ஆகவே நான் பார்ப்பது இவை. ஒன்று, போக வர எவ்வளவு நேரம், அதில் பெரிய ரோட்டை விட்டு விலகி உள்ளே போவது எவ்வளவு. இரண்டு, பிள்ளைகளுக்கு அங்கே தொடவோ செய்யவோ எதுவும் உண்டா, வெறுமனே நின்று பார்ப்பது மட்டுமா. மூன்று, மூட்டுவலிக்காரர்களுக்குப் படி எத்தனை, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். நான்கு, சொல்லாமல் வரும் செலவு. ஐந்து, சாயங்காலம் ஊருக்குள் நுழையும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும். ஐந்தாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பிய உற்சாகமெல்லாம் மாலை ஏழு மணிக்கு நாயண்டஹள்ளியிலோ டின் ஃபேக்டரியிலோ ஹெப்பாலிலோ கரைந்துவிடும்.

| | சன்னபட்டணம் பக்கம் | தங்கவயல் பக்கம் | லெபாக்ஷி |
|---|---|---|---|
| ஒரு வழித் தூரம் | சுமார் 60 கி.மீ. | சுமார் 100 கி.மீ. | சுமார் 120 கி.மீ. |
| பிள்ளைகளுக்குச் செய்ய | நிறைய | குறைவு | கொஞ்சம் |
| வெறுங்கால் நடை | இல்லை | உண்டு, வெயிலில் | உண்டு, கல்தரை |
| சொல்லாமல் வரும் செலவு | பொம்மைக் கடை | நுழைவு, பார்க்கிங், லிங்கப் பிரதிஷ்டை | டோல், வாடகைக் காருக்கு ஆந்திர வரி |
| திரும்பும்போது நெரிசல் | கெங்கேரி, நாயண்டஹள்ளி | கே.ஆர்.புரம் | ஹெப்பால் |

பெட்ரோல் கணக்கு எளிது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் சன்னபட்டணம் போய்வர 8 லிட்டர், லெபாக்ஷிக்கு 16.

## மைசூர் ரோடு: ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர்

இந்த ரோட்டைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இப்போது இரண்டு ரோடு. 2023 மார்ச்சில் திறந்த அதிவேகச் சாலை பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா என்று வழியில் இருந்த ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டோ மேலே தாண்டியோ போய்விடுகிறது. மைசூரில் வேலை இருப்பவர்களுக்கு அது வரம். நமக்கு அது எதிரி. பொம்மைக் கடைகளும் வடைக் கடைகளும் பழைய ரோட்டில்தான் இருக்கின்றன. வண்டிகள் மேலே பறக்கத் தொடங்கியபின் கீழே வியாபாரம் விழுந்துவிட்டது என்று அந்தக் கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேப்பில் மைசூர் என்று போட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு மேல்சாலைக்கே இழுக்கும், அப்புறம் இறங்க அடுத்த வழி வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ராமநகரம் ரயில் நிலையம், சன்னபட்டணம் பஸ் நிலையம் என்று ஊருக்குள் இருக்கும் இடங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளையும் ஆட்டோக்களையும் மேல்சாலையில் விடுவதில்லை.

பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ராமநகரத்தில் முதலில் நிறுத்த வேண்டியது பட்டுக்கூடு சந்தையில். ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்ற அரசுச் சந்தை. 'சுற்றுலாத் தலம்' என்ற பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை, அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். விவசாயிகள் இரவோடிரவாகக் கூடுகளைக் கொண்டுவந்து காலையில் நீளநீளமான தட்டுகளில் கொட்டிப் பரப்புகிறார்கள். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், ஆகவே தமிழ் காதில் விழும். வெள்ளைக் கூடு ஒரு வரிசை, மஞ்சள் கூடு ஒரு வரிசை. நூல் எடுப்பவர்கள் ஒரு கைப்பிடி அள்ளி, குலுக்கி, காதருகே வைத்துக் கேட்டு விலை வைக்கிறார்கள். முன்பு வாய்விட்டுக் கூவிய ஏலம் இப்போது செல்போனில் நடக்கிறது. ஒரு சின்னக் கூட்டுக்குள் பல நூறு மீட்டர் இழை சுருண்டிருக்கிறது என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளை நம்பாது, கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும். உள்ளே போகுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வியாபாரத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். வாடை கொஞ்சம் இருக்கும், பக்கத்துத் தெருக்களில் கூடு வேகவைக்கும் இடங்களில் நிறையவே இருக்கும். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் ராமதேவர பெட்டாவும் உண்டு. ஷோலே படம் எடுத்த பாறைகள், 2012 முதல் கழுகுகளுக்கான சரணாலயம். 1975-இல் வந்த படத்தைப் பார்த்து வளர்ந்த தாத்தாவுக்குத்தான் அது பெரிய விஷயம். ஆனால் படி ஏற வேண்டியது அந்தத் தாத்தா. குரங்குகளும் உண்டு. கீழிருந்து பாறைகளைக் காட்டிவிட்டு வந்துவிடலாம்.

ராமநகரத்துக்கும் சன்னபட்டணத்துக்கும் நடுவில் பழைய ரோட்டோரமாகவே ஜானபத லோகா. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எச்.எல். நாகேகௌடா நாட்டுப்புறப் பொருள்களைச் சேர்த்து 15 ஏக்கரில் எழுப்பிய அருங்காட்சியகம். 1994-இல் திறந்தது. உலக்கை, ஏர், தோல்பாவை, கிராமத்துத் தெய்வங்களின் முகமூடி, மீன்பிடிக்கும் கூடை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டியாக இருந்தால் பொருளைக் காட்டிப் பேரனுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார், நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். தரை சமம், நிழல் உண்டு, கழிப்பறை உண்டு, பக்கத்திலேயே சாப்பாடு. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த மூன்று திசைகளிலும் இதைவிட வசதியான நிறுத்தம் கிடையாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இனி சன்னபட்டணம். ரோட்டோரக் கடைகளில் பொம்மை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது எல்லாரும் செய்வது. அது மட்டும் என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், பெங்களூரிலேயே கிடைக்கும். பார்க்க வேண்டியது கடைசல். ஊருக்குள்ளும் கைவினைஞர்கள் குடியிருக்கும் கலாநகர்ப் பக்கத்திலும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு கடையில் பொம்மை வாங்கும்போதே கேட்டால் ஆள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். வெட்பாலை மரத்துண்டு சுழலும். உளி பட்ட இடத்தில் மரம் சுருள் சுருளாக உரிந்து விழும். ஒரு பம்பரமோ பீப்பாயோ உருவானதும் அரக்குக் குச்சியை எடுத்து அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும், நிறம் கண்ணெதிரே ஏறும். கடைசியில் தாழை ஓலையை மடித்துப் பிடித்து மெருகு ஏற்றுவார்கள். தூரிகை இல்லை, டப்பா பெயின்ட் இல்லை. மொத்தமும் சில நிமிட வேலை, ஆனால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். 'இன்னொன்று செய்யுங்கள் அங்கிள்' என்று நிற்பார்கள். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்திலிருந்து ஆள் வரவழைத்துத் தொடங்கிய தொழில் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. இன்று புவிசார் குறியீடு பெற்ற தொழில்.

இங்கே சொல்லாமல் வரும் செலவு என்ன? பொம்மைதான். கிலுகிலுப்பையும் பம்பரமும் சொப்பு சாமானும் கைக்கடக்கமான விலை. ஆடும் குதிரை அப்படியில்லை, அதோடு வண்டி டிக்கியில் ஏறாமல் அத்தை மடியில் பெங்களூர் வரை உட்கார்ந்து வரும். ரோட்டோரக் கடைகளில் வெளியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மையும் பக்கத்திலேயே தொங்கும். கைக்குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால், அரக்கில் கடைந்ததா, மேலே பெயின்ட் அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். வாய்க்குப் போகும் பொருள் அது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும், பட்டறை ஓடுமா என்று சொல்ல முடியாது. தொழிலாளிகளில் முஸ்லிம்கள் நிறையப் பேர், ஆகவே வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தையும் விட்டுவிடுங்கள். கரண்ட் போனால் கடைசல் நின்றுவிடும்.

நேரம் இருந்தால் இன்னும் இருபது கிலோமீட்டர் போய் மத்தூரில் வடை. ரவையும் மைதாவும் அரிசி மாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டையாகத் தட்டியது. 1917-இல் மத்தூர் ரயில் நிலையத்தில் பிறந்தது என்கிறார்கள். நம் மெதுவடையை எதிர்பார்த்துக் கடித்தால் ஏமாற்றம், தட்டைக்கு அண்ணன் என்று நினைத்துக் கடித்தால் பிடிக்கும். வடைக்காக மட்டும் போவதானால் நான் சன்னபட்டணத்தோடு திரும்பிவிடுவேன்.

ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு யோசிக்கவே வேண்டாம், இந்த ரோடுதான். வேலை நாளில் ஒரு லீவு கிடைத்தால் இன்னும் நல்லது.

## கோலார் ரோடு: 108 அடி லிங்கமும் தங்கவயலும்

கம்மசந்திராவின் கோடிலிங்கேஸ்வரா 1980-இல் ஒரே லிங்கத்தோடு தொடங்கிய இடம். ஒரு கோடி லிங்கம் வைப்பது என்பது சங்கற்பம். ஒரு அடி, மூன்று அடி என்று வரிசை வரிசையாக, கண் போகும் தூரமெல்லாம் லிங்கம். நடுவில் 108 அடி உயர லிங்கம், எதிரே 35 அடி நந்தி. பக்தியோடு போனாலும் வேடிக்கையாகப் போனாலும், முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பா வியப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று முகத்தில் வரும். ரோட்டோர விசித்திரம் என்றால் இந்த மூன்றில் இதுதான் அசல்.

ஆனால் அந்த முகம் பத்து நிமிடத்தில் மாறிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வெட்டவெளியில் நடக்க வேண்டும். மார்ச்சிலிருந்து மே வரை பதினொரு மணிக்குமேல் தரையில் கால் வைக்க முடியாது. நுழைவு, வண்டி நிறுத்தம் என்று சின்னச் சின்னதாகக் கை நீளும். நம் பெயரில் ஒரு லிங்கம் பிரதிஷ்டை செய்யலாம் என்று பாட்டிக்குத் தெரிந்தால் பேச்சு பெரிய தொகைக்குப் போகும். அதைத் தவறென்று சொல்லவில்லை, குடும்பத்தில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போங்கள் என்கிறேன். சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் வேண்டாம். பிள்ளைகளுக்கு? எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். நூறுக்குமேல் எண்ணமாட்டார்கள்.

லிங்கத்துக்காக மட்டும் 200 கிலோமீட்டர் ஓட்டுவது எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த ரோட்டை எடுத்துக்கொள்ளக் காரணம் பக்கத்திலிருக்கும் தங்கவயல். கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் ஊர். 1880-இல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தொடங்கிய சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் அதைச் சுற்றியும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனவர்கள் கட்டிய ஊர். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்குமேல் ஆழம். அயோத்திதாசர் முன்னெடுத்த பௌத்த இயக்கத்துக்கு இங்கே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. இவ்வளவும் நடந்த ஊரில் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரின் பாதி விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவு திரும்புகிறது. நம் அலுவலகங்களிலும் கட்டடங்களிலும் கூட வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், டிக்கெட் கொடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள், ஆழத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. ரோட்டிலிருந்தே தெரிவது, ஆள் இறக்கும் இரும்புக் கோபுரங்கள் சில, வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு குன்றுகளாக எழுந்து நிற்கும் சயனைடு மேடுகள். கே.ஜி.எஃப். சினிமா வந்தபின் அந்த மேடுகளில் போட்டோ எடுக்க ஏறுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளை ஏற விடாதீர்கள். அது விளையாடும் மண் இல்லை, காற்றில் பறக்கும் அந்தத் தூசைப் பற்றி ஊர்க்காரர்களே நொந்துகொள்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்குக் குறைவு, பெரியவர்களுக்கு நிறைவு. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கத்து வீடுகளில் 'எங்க பெரியப்பா தங்கவயல்ல இருந்தாரு' என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அந்த ஒருவர் காரில் இருந்தால் இந்த ரோடுக்கு இணை இல்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு டீ குடித்துக்கொண்டு நின்றாலே பேச்சு தானாக வரும், தமிழிலேயே வரும். ஒன்று மட்டும்: அது மனிதர்கள் வாழும் ஊர். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது நன்றாக இருக்காது.

திரும்பும் வழியில் பங்காருப்பேட்டையில் பானிபூரி. தண்ணீர் பச்சையாக இல்லாமல் தெளிவாக இருக்கும், ஆனால் காரம் சுரீர் என்று ஏறும். பிள்ளைகள் அன்றைக்கு நினைவில் வைத்துக்கொள்வது அதுவாகத்தான் இருக்கும்.

சென்னை அதிவேகச் சாலையின் கர்நாடகப் பகுதி ஹொசகோட்டேயிலிருந்து தங்கவயல் பக்கம் வரை ஓடத் தொடங்கிவிட்டதால் போவது சுலபமாகிவிட்டது. ஹொசகோட்டே வரை போய்ச்சேர்வதுதான் பாடு.

## பல்லாரி ரோடு: லெபாக்ஷி

லெபாக்ஷி ஆந்திராவில் இருக்கிறது, ஆனால் ஆந்திராக்காரர்களைவிடப் பெங்களூர்க்காரர்களுக்குத்தான் பக்கம். ஹைதராபாத் நெடுஞ்சாலையில் கொடிகொண்டா செக்போஸ்ட் வரை நேராகப் போய் இடதுபக்கம் திரும்பிச் சுமார் 15 கிலோமீட்டர். விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில் விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எழுப்பிய வீரபத்திரர் கோயில். 16-ஆம் நூற்றாண்டு.

தொங்கும் தூணைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பெரிதாகச் சொல்லிவைக்காதீர்கள். அந்தரத்தில் மிதக்கும் தூணைக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். அங்கே தூணுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது துணி நுழையும் இடைவெளி மட்டும். ஒரு பக்கம் துண்டை விட்டு மறுபக்கம் இழுப்பார்கள், அதற்கே வரிசை நிற்கும். சொல்லாமல் கூட்டிப்போய்த் துண்டைக் கையில் கொடுத்தால் வேறு கதை. இது எப்படி நிற்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் அசைத்துப் பார்த்தாராம், அதில்தான் தூண் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

எனக்குத் தூணைவிட மற்றவை மேல். ஒரே பாறையில் செதுக்கிய ஏழுதலை நாகலிங்கம். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரே கல்லில் சுமார் 15 அடி உயரம், 27 அடி நீளத்தில் படுத்திருக்கும் நந்தி, அதைச் சுற்றிப் புல்வெளி. கைக்குழந்தையை இறக்கிவிட்டு ஓடவிடலாம். மண்டபத்தின் கூரையில் ஓவியங்கள், அதில் பெண்களின் கொண்டையும் சேலைக் கரையும் பார்த்துக்கொண்டே கழுத்து வலிக்க நிற்கலாம். முடியாமல் நின்றுபோன கல்யாண மண்டபம். அதை ஒட்டிய கதையும் உண்டு: கஜானாப் பணத்தை எடுத்துக் கோயில் கட்டிவிட்டார் என்று ராயர் தண்டனை சொல்லுமுன் விருபண்ணாவே தன் கண்களைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாராம். சிவப்புக் கறையைக் காட்டுவார்கள். பத்து வயதுக்கு மேலான பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட இந்தக் கறைதான் பிடிக்கும், என்ன செய்வது.

பாட்டிக்குக் கோயில், அப்பாவுக்குச் சிற்பம், அம்மாவுக்குச் சேலைக் கரை, பிள்ளைக்குத் துண்டு. ஆளுக்கு ஒன்று கிடைப்பதில் லெபாக்ஷியை மிஞ்ச முடியாது. ஆனால் தூரம் அதிகம். வழியில் சாதஹள்ளி, பாகேபள்ளி என்று டோல். சொந்தக் காருக்குப் பிரச்சினை இல்லை. மஞ்சள் போர்டு வாடகைக் கார் என்றால் ஆந்திரத்துக்குள் போகப் பர்மிட், வரி யார் கட்டுவது என்பதைக் கிளம்புமுன்பே டிரைவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சில்லை அது. கல்தரை மதியத்தில் சுடும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எல்லாருக்கும் எடுத்துக்கொண்டால் போதும். கோயிலை ஒட்டிச் சாப்பாட்டுக்கு நம்பி இருக்க வேண்டாம், புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது மேல்.

வழியில் சிக்கபள்ளாபூரில் ஆதியோகி சிலையையும் சேர்த்துக்கொள்ளலாமா? 2023 ஜனவரியில் திறந்த 112 அடி. கோயம்புத்தூரில் பார்த்தவர்களுக்கு அதே முகம், அதே உயரம். ரோட்டை விட்டு உள்ளே போய் வர ஆகும் நேரத்துக்கு, லெபாக்ஷி நாளில் நான் சேர்க்கமாட்டேன். தனியாக ஒரு சாயங்காலம் என்றால் சரி. நந்தி மலைக்கூட்டம் திரும்பும் நேரமும் நீங்கள் திரும்பும் நேரமும் ஒன்றானால் ஹெப்பால்வரை ஊர்வலம்தான், ஆகவே லெபாக்ஷியில் இரண்டு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள்.

## அரைநாள்தான் இருக்கிறது என்றால்

கேதோஹள்ளியின் பெரிய ஆலமரம் போதும். நகரிலிருந்து 28 கிலோமீட்டர், மூன்று ஏக்கர் பரப்பு, 400 வயது என்று கணக்கு. தாய்மரம் நோயில் போய்விட்டது, விழுதுகளே தனித்தனி மரமாக நிற்கின்றன. குரங்குக்குப் பயந்து தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிநேரத்துக்குமேல் அங்கே வேலை இல்லை.

## கார் இல்லை என்றால்

இதில் மைசூர் ரோடு தெளிவாக முந்துகிறது. ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர் மூன்றுக்கும் ரயில் நிலையம் உண்டு, ரயில்களும் நிறைய. கெங்கேரி நெரிசலில் சிக்காமல் கடந்து போய்விடலாம். மத்தூர் வடை ரயிலுக்குள்ளேயே வரும். தங்கவயலுக்கு மாரிகுப்பம் ரயில் இருக்கிறது, ஆனால் அது காலையில் பெங்களூருக்கும் மாலையில் தங்கவயலுக்கும் வேலைக்குப் போகிறவர்களோடு நிரம்பி வழியும் வண்டி. நாம் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும். அங்கே இறங்கியபின் கம்மசந்திராவுக்கு ஆட்டோ பேச வேண்டும், திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். லெபாக்ஷிக்கு இந்துபூர்வரை ரயில், அங்கிருந்து பஸ். பெரியவர்கள் இருந்தால் வேண்டாம்.

## ஊருக்குப் போகும் வழியில் சேர்த்துக்கொள்ளலாமா

வேலூர், சென்னைப் பக்கம் போகிறவர்கள் தங்கவயலைச் சேர்த்துக்கொள்ளலாம், போகும்போது சேர்ப்பதே நல்லது. திரும்பும்போது ஞாயிறு மாலை யாருக்கும் பொறுமை இருக்காது, மறுநாள் பள்ளிக்கூடம். மைசூர் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கிக் கோயம்புத்தூர், ஈரோடு போகிறவர்களுக்குச் சன்னபட்டணம் வழியிலேயே இருக்கிறது. ஆனால் திம்பம் மலைப்பாதையில் இரவுநேரத் தடை உண்டு என்பதால் அன்றைக்குப் பட்டறை, சந்தை என்று நிதானமாக நிற்க முடியாது. ஒரு பம்பரத்தோடு கிளம்பிவிட வேண்டும், பட்டுக்கூடு சந்தையை வேறொரு காலைக்கு ஒதுக்கிவையுங்கள். ஓசூர், சேலம் ரோட்டுக்காரர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் வழியில் இல்லை. அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டியபின் வண்டியைத் திருப்பவும் மனசு வராது, கிருஷ்ணகிரியில் டிபனோடு நேராக ஊரைப் பார்த்துப் போவதே சரி.